வீட்டுப் பதிவறைக்குக் கட்டுப்படியான விலையில் ஸ்டீரியோ மைக்: எதை வாங்கலாம்?

உவர்மலைச் சுருதி:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையைப் பதிவறையாக மாற்றி வருகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சீமெந்துச் சுவர், தரை முழுக்க டைல்ஸ். தங்கச்சி பாடுவாள். அவளோடு வயலினும் மிருதங்கமும் சேரும். தேவாரம், கீர்த்தனை, இடைக்கிடை மெல்லிசை. யூடியூபில் போடுகிறோம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம்.

இப்போது கையில் இருப்பவை ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 மைக் ஒன்று, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கிற பெட்டி), ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் போட்ட லப்டொப். குரலை மட்டும் எடுத்தால் நன்றாக வருகிறது. மூன்று பேரையும் சேர்த்து எடுத்தால் எல்லாச் சத்தமும் நடுவில் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. மிருதங்கத்துக்குப் பின்னால் வயலின் காணாமல் போகிறது. ஒரு ஸ்டீரியோ மைக் வாங்கினால் இது தீருமா? 75,000 ரூபா வரை செலவழிக்கலாம். ஒரே உடலில் வருகிற ஸ்டீரியோ மைக் என்றால் சோலோவில் அப்படியே செருகிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பாலையூற்றுப் பாணன்:
மூவரையும் ஒரே நேரத்தில்தான் எடுக்க வேண்டுமா? தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர்ப்பதாக இருந்தால் ஸ்டீரியோ மைக்கே தேவையில்லை. ஒவ்வொன்றையும் மோனோவில் எடுத்து, ரீப்பரில் வயலினைக் கொஞ்சம் வலப்பக்கமும் மிருதங்கத்தைக் கொஞ்சம் இடப்பக்கமும் தள்ளினால் போதும். தனிக்குரலை ஸ்டீரியோவில் எடுப்பதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

உவர்மலைச் சுருதி:
ஒரே நேரத்தில்தான் அண்ணா. தனித்தனியாக எடுத்தும் பார்த்தோம். தங்கச்சி நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்து) பாடும்போது மிருதங்கக்காரர் அவளுடைய முகத்தைப் பார்த்து வாசிப்பவர். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தனியே வாசித்தபோது தாளம் பிசகவில்லை, ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய நாடா:
தம்பி, மைக்கைப் பற்றிப் பேச முன் உங்கள் இன்டர்ஃபேஸைப் பார்ப்போம். ஸ்கார்லெட் சோலோவில் மைக் முன்பெருக்கி (மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்குகிற பகுதி) ஒன்றே ஒன்றுதான். மற்றத் துளை கிற்றாருக்கும் லைனுக்கும் உரியது. ஸ்டீரியோ என்றால் எப்படிச் சுற்றி வந்தாலும் இரண்டு சனல். ஒரே உடலில் வருகிற மைக்கும் உள்ளே இரண்டு மைக்தான். உதாரணத்துக்கு றோட் என்டி4. அதன் தலையில் ஒலியை வாங்குகிற இரண்டு கப்சூல்கள் 90 பாகையில் குறுக்காக நிற்கும். அடியில் ஐந்து முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பு. அதிலிருந்து போகிற கேபிள் இரண்டாகப் பிரிந்து, மூன்று முள் பிளக் இரண்டில் முடியும். அந்த இரண்டையும் செருக உங்கள் சோலோவில் இடமில்லை. ஆகவே எந்த மைக்கை வாங்கினாலும் இரண்டு முன்பெருக்கி உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். ஸ்கார்லெட் 2ஐ2 அல்லது அதைவிட மலிவான பெரிங்கர் யூஎம்சி202எச்டி பொருந்தும். கடையில் யூஎம்சி22 என்று ஒன்றையும் காட்டுவார்கள். முகப்பில் இரண்டு துளை தெரியும், ஆனால் மைக் எடுப்பது ஒன்று மட்டும். பெட்டியில் உள்ள எண்ணை வாசித்து வாங்குங்கள்.

இனி மைக். ஸ்டீரியோ எடுக்கும் வழிகள் வானொலிக் காலத்திலேயே தீர்ந்துபோன சங்கதி. இங்கிலாந்தில் ஈஎம்ஐ பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். நமக்கு வேண்டியது இரண்டு முறை மட்டும். ஒன்று எக்ஸ்வை. இரண்டு கார்டியோயிட் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கிற) மைக்கின் தலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, 90 பாகைக் குறுக்கில் இருக்கும். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், உரப்பில் மட்டும் வித்தியாசம் வரும். மற்றது ஓஆர்டிஎஃப். பிரெஞ்சு வானொலி தொலைக்காட்சி நிறுவனத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். தலைகளுக்கு இடையில் 17 சென்ரிமீற்றர், கோணம் 110 பாகை. இதில் உரப்பு வித்தியாசத்தோடு மிகச் சிறிய நேர வித்தியாசமும் சேரும். 17 சென்ரிமீற்றரை ஒலி கடக்க அரை மில்லி செக்கன்தான் ஆகும். மனிதக் காதுக்கு அதுவே போதும், திசை தெரிந்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. 90 பாகை எக்ஸ்வையில் ஒரு சத்தம் முழுக்க இடது ஸ்பீக்கருக்கோ வலது ஸ்பீக்கருக்கோ போக வேண்டுமென்றால், அது மைக்கின் பக்கவாட்டில் ஏறக்குறைய நேர் இடப்புறமோ வலப்புறமோ இருக்க வேண்டும். அதாவது அந்த அமைப்பு 180 பாகையை ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவில் பரப்பி வைக்கிறது. உங்கள் சின்ன அறையில் மூன்று பேர் மைக்குக்கு முன்னால் அரைவட்டமாக இருந்தால் அவர்கள் பிடிக்கிற இடம் அதில் பாதிதான். கேட்கும்போது மறுபடியும் நடுவிலேயே நெருங்கி நிற்பார்கள். ஓஆர்டிஎஃப் எடுக்கிற அகலம் ஏறத்தாழ 96 பாகை. மூன்று பேர் அரைவட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அது பொருந்தும். ஒரே உடல் மைக்குகளில் அநேகமானவை எக்ஸ்வை. கோணத்தையும் தூரத்தையும் நீங்கள் மாற்றவே முடியாது. உங்கள் வேலைக்கு நான் தனித்தனி மைக் இரண்டைத்தான் சொல்லுவேன்.

கிண்ணியா றபான்:
நாடா அண்ணன் சொன்னது சரி. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது தம்பி. கையடக்க ரெக்கோர்டர். நான் டாஸ்காம் டிஆர்-07எக்ஸ் வைத்திருக்கிறேன். அதன் இரண்டு மைக்கையும் உள்பக்கமாகத் திருப்பினால் எக்ஸ்வை, வெளிப்பக்கமாகத் திருப்பினால் ஏபி, அதாவது இரண்டு தலையும் விலகி நிற்கிற முறை. யூஎஸ்பியில் லப்டொப்போடு செருகினால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஸூம் எச்1என்னும் அதே வகை, அதில் எக்ஸ்வை மட்டும். எங்கள் ஊரில் கல்யாண வீட்டு முற்றத்தில் றபான் அடிக்கும்போதும் களிகம்பு ஆடும்போதும் இதைத்தான் கொண்டு போகிறேன். கரண்ட் தேவையில்லை, கேபிள் இழுக்கத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் ரோமத் தொப்பி போடாமல் வெளியில் எடுக்க முடியாது. சாதாரணப் பஞ்சுத் தொப்பி அந்தக் காற்றுக்குத் தாங்காது.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். றபான், மிருதங்கம் போன்ற உரத்த சத்தத்துக்கு இது அருமை. மெல்லிய ஆலாபனை, தம்பூரா என்று போனால் ரெக்கோர்டரின் சொந்த இரைச்சல் அடியில் கேட்கும். வீட்டை விட்டு வெளியே போய் எடுக்கிற எண்ணம் இருந்தால் இது. அறைக்குள்ளேயே எடுப்பதென்றால் நாடா அண்ணனின் வழி.

உவர்மலைச் சுருதி:
நன்றி நாநா. வெளியில் எடுக்கிற திட்டம் இப்போதைக்கு இல்லை. புளூ யெட்டி மைக்கில் ஸ்டீரியோ என்று ஒரு குமிழ் இருக்கிறது, யூஎஸ்பியில் நேரே போகிறது, இன்டர்ஃபேஸே வேண்டாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது எப்படி? பிஎம்-800 என்று மிக மலிவாகக் கிடைப்பதை இரண்டு வாங்கினால்?

பாலையூற்றுப் பாணன்:
யெட்டிக்குள் மூன்று கப்சூல் இருக்கின்றன, ஸ்டீரியோ உண்மையாகவே ஸ்டீரியோதான். ஆனால் 16 பிட் பதிவு. மிருதங்கத்தின் உச்சத்துக்கும் குரலின் மென்மைக்கும் சேர்த்து லெவல் வைக்கும்போது 24 பிட் தருகிற தாராளம் அதில் கிடையாது. நாளைக்கு வீணை ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டி வந்தால் யெட்டியைப் பிரித்து இரண்டு மைக்காகவும் பாவிக்க முடியாது. பேசுகிற வேலைக்கு நல்ல மைக்.

பிஎம்-800 வேண்டாம். ஒரே பெயரில் பல இடங்களில் செய்கிறார்கள், உள்ளே இருப்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஸ்டீரியோவுக்கு இரண்டு மைக்கும் ஒரே குரலில் பேச வேண்டும்.

தம்பலகாமத்தான்:
சோடி மைக் என்றால் எவற்றைப் பார்க்கலாம்? நானும் இதே தேடலில் இருக்கிறேன். நாதஸ்வரம், தவில்.

பழைய நாடா:
மலிவில் தொடங்கினால் பெரிங்கர் சி-2. சின்னக் கப்சூல் கண்டென்சர் (மின் கொடுத்தால்தான் வேலை செய்கிற மைக்) இரண்டு, பெட்டியும் இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் பூட்டுகிற பட்டையும் சேர்த்தே வரும். ஒவ்வொன்றிலும் 10 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது, தவிலுக்கு அது கைகொடுக்கும். மேற்சுரங்களில் கொஞ்சம் கூர்மை, இரைச்சலும் சற்று அதிகம். உங்கள் தவிலுக்கு முன்னால் அந்த இரைச்சல் எங்கே கேட்கப் போகிறது? தாராளமாக வாங்கலாம். அதற்கு மேலே றோட் எம்5 சோடி. இரண்டுக்கும் உணர்திறனில் 1 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பொறுக்கிச் சேர்த்து விற்கிறார்கள். சொந்த இரைச்சல் 19 டெசிபெல். இன்னும் காசு இருந்தால் என்டி5, அது 16. எண் குறையக் குறைய அமைதி கூடும்.

உவர்மலைத் தம்பிக்கு நான் சொல்வது வேறு. உங்களிடம் ஒரு ஏடி2020 இருக்கிறதே! அதன் சொந்த இரைச்சல் 20 டெசிபெல், எம்5க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கார்டியோயிட், குரலுக்குப் பொருந்துகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்னொரு ஏடி2020 வாங்கினால் சோடி ஆகிவிடும். சோலோவை விற்று, அந்தக் காசோடு யூஎம்சி202எச்டி எடுங்கள். ஸ்டீரியோ தேவைப்படாத நாளில் குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். இந்தக் காசுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

உவர்மலைச் சுருதி:
நல்ல யோசனை அண்ணா, எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கம்பனி பொறுக்கித் தராத இரண்டு மைக் சோடியாகுமா? ஒன்று பழையது, ஒன்று புதியது.

பழைய நாடா:
உணர்திறனில் வருகிற வித்தியாசத்தை இன்டர்ஃபேஸ் குமிழிலேயே சரிக்கட்டலாம். செய்முறை இதுதான். இரண்டு மைக்கையும் தலையோடு தலை ஒட்டினாற்போல் நிறுத்தி, இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி வையுங்கள். ஏடி2020க்கு முகம் பக்கவாட்டில், சின்னம் பொறித்த பக்கம்தான் முன்பக்கம். நேர் எதிரே ஒரு மீற்றர் தூரத்தில் ஸ்பீக்கரை வைத்து, வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வருமே, அந்த மாதிரி இரைச்சலை ஓட விடுங்கள். இரண்டு சனலின் மீற்றரும் ஒரே அளவு காட்டும்வரை குமிழைத் திருப்புங்கள். பிறகு ரீப்பரில் ஒரு சனலின் பேஸைத் (ஒலி அலையின் மேடு பள்ளத்தைத்) தலைகீழாக்கி, இரண்டையும் நடுவில் வைத்துச் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு மைக்கும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், சத்தம் சட்டென்று மெலியும். குமிழை மயிரிழை அங்குமிங்கும் அசைத்து, எந்த இடத்தில் சத்தம் மிகக் குறைகிறதோ அங்கே விடுங்கள். குமிழின் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் பேஸைப் பழையபடி மாற்ற மறக்க வேண்டாம்.

சத்தம் மெலியவே இல்லை, மேற்சுரங்கள் நிறைய மிஞ்சுகின்றன என்றால் இரண்டு மைக்கின் குணமும் வேறு. அப்படியென்றால் கடையில் மாற்றிக் கேட்கலாம். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கினாலும் சரி, தபாலில் எடுப்பித்தாலும் சரி, மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

மனையாவெளி மிருதங்கம்:
வாசிக்கிறவனாக ஒரு வார்த்தை. எங்கே யார் அமர்வது என்பது எந்த மைக் என்பதைவிடப் பெரிய விஷயம். மேடையில் அமர்வதுபோலவே அமருங்கள். பாடுகிறவர் நடுவில். மிருதங்கம் பாடுகிறவரின் வலப்புறம், அவரைப் பார்த்தபடி. அப்போது வலந்தலை என்கிற வலது முகம் மைக்கின் பக்கம் பார்க்கும், சாப்பு, மீட்டு ஆகிய அடிகள் தெளிவாக விழும். தொப்பி என்கிற இடது முகம் மறுபக்கம் சுவரைப் பார்க்கும். அந்தச் சுவருக்குத் தலையணையோ மெத்தையோ சாத்துங்கள், இல்லாவிட்டால் இடது கை அடியான குமிக்கியின் அடித்தொனி அறை முழுக்க உருளும். வயலின் பாடுகிறவரின் இடப்புறம்.

மிருதங்கத்தை மற்ற இருவரையும்விட ஒரு முழமாவது பின்னால் தள்ளுங்கள். எங்களை மெல்ல வாசிக்கச் சொல்லாதீர்கள். மெல்ல வாசித்தால் நாதம் மாறிவிடும். தள்ளி இருந்தால் நாதம் மாறாமல் உரப்பு மட்டும் குறையும். பாடுகிறவரை மைக்குக்குக் கிட்டக் கொண்டு வருவதும் அதே கணக்குத்தான்.

பழைய நாடா:
அருமையாகச் சொன்னீர்கள். தூரம் இரட்டித்தால் நேரே வருகிற ஒலி 6 டெசிபெல் இறங்கும், ஆனால் அறையின் எதிரொலி இறங்காது. அதனால்தான் டைல்ஸ் தரை உங்களுக்கு எதிரி. ஸ்டீரியோ சோடியைத் தனிக்குரல் மைக்கைவிடத் தள்ளித்தான் வைப்போம், அறையும் கூடவே உள்ளே வரும். கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று நடுங்கினால் இரண்டு சுவருக்கும் நடுவில் ஒலி பந்தாடுகிறது. தரைக்கு இரண்டு மூன்று பாய், ஒரு சுவருக்குப் பருத்தி மெத்தை, எதிர்ச்சுவருக்குப் புத்தகம் நிறைந்த அலுமாரி. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் அது கஷ்டம்தான், காலையில் எடுங்கள்.

நிலாவெளிக் கரை:
யாரும் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லையே. நான் கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக்கைப் பதிவு முடிந்தபின் ஸ்டாண்டிலேயே விட்டால் மாரி காலத்தில் பட்பட் என்று வெடிக்கத் தொடங்கும். கப்சூலுக்கும் உள்ளே உள்ள சுற்றுக்கும் இடையில் மின்தடை மிக மிகப் பெரியது, ஈரம் படிந்தால் மின்னேற்றம் அதன்வழியே கசிந்து சத்தமாக வரும். உலர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் உப்பும் சேர்ந்து படிந்தால் போகாது.

நான் செய்வது: இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். செம்மஞ்சள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், ஓவனில் இளஞ்சூட்டில் வாட்டி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். வேண்டாம், மாவுத் தூசு வலைக்குள் போய்விடும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே இன்டர்ஃபேஸ் மைக்குக்குத் தருகிற மின்சாரமான ஃபாண்டம் பவரைப் போடாதீர்கள். மைக் அறைச் சூட்டுக்கு வரும்வரை பெட்டிக்குள்ளேயே மூடியபடி இருக்கட்டும். சென்ஹைசரின் எம்கேஎச் வகை ஈரத்துக்கு அசையாது, அது வேறு தத்துவத்தில் வேலை செய்கிறது. அதன் விலைக்கு நாங்கள் போக முடியாது.

கிண்ணியா றபான்:
கரண்டைப் பற்றியும் ஒன்று. யூஎம்சி202எச்டி யூஎஸ்பியிலிருந்தே மின் எடுக்கும், ஃபாண்டம் பவரும் அதிலிருந்தே வரும். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்த 'ம்ம்' என்ற உறுமல் அதோடு போய்விடும்.

உவர்மலைச் சுருதி:
இரண்டாவது ஏடி2020 வந்துவிட்டது, யூஎம்சி202எச்டியும் வந்துவிட்டது. சோலோவை விற்ற காசும் சேர, சொன்ன தொகைக்குள் அடங்கியது. பேஸ் மாற்றிப் பார்க்கும் சோதனையில் சத்தம் நன்றாகவே மெலிந்தது, மேலே ஒரு 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சியது. இரண்டையும் பட்டையில் பூட்டி, பள்ளிக்கூட அடிமட்டத்தால் 17 சென்ரிமீற்றர் அளந்து, கோணமானி வைத்து மட்டையில் 110 பாகை கீறி, அதன்மேல் மைக்குகளை நிறுத்தினேன். மிருதங்கம் பின்னால், பாடுகிறவர் முன்னால், தரையில் பாய். ஹெட்போனில் கேட்டபோது வயலின் எங்கே இருக்கிறது என்று கைகாட்டிச் சொல்லலாம்! தங்கச்சிக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சந்தேகம். லண்டனில் இருக்கிற மாமா சின்ன ஃபோன் ஒன்றில் கேட்டுவிட்டு வயலின் கொஞ்சம் உள்வாங்கினாற்போல் இருக்கிறது என்கிறார்.

பழைய நாடா:
ஃபோனில் இரண்டு சனலும் ஒன்றாகச் சேர்கின்றன. நடுவில் இருக்கிற குரல் இரண்டு மைக்குக்கும் ஒரே நேரத்தில் வருவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஓரத்தில் இருக்கிற வயலின் சில நூறு மைக்ரோ செக்கன் முந்திப் பிந்தி வருகிறது, சேரும்போது சில சுரங்கள் கொஞ்சம் தேயும். ரீப்பர் மாஸ்டரில் மோனோ பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திக் கேட்டால் மாமா கேட்டதையே நீங்களும் கேட்கலாம். வயலினை நடுப்பக்கமாக ஒரு சாண் நகர்த்துங்கள், அல்லது தலைகளை 17இலிருந்து பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு நெருக்கிப் பாருங்கள். அகலம் கொஞ்சம் போகும், வயலின் திரும்பி வரும். அதுவும் போதாவிட்டால் எக்ஸ்வைக்கு மாற்றி, ஆட்களை இன்னும் அகலமாக அமர்த்துங்கள். உங்கள் பாட்டைக் கேட்பவர்களில் அநேகம் பேர் ஃபோனில்தான் கேட்பார்கள் என்றால் நான் எக்ஸ்வையைத்தான் எடுப்பேன். தனி மைக் இரண்டு வைத்திருப்பதால் இதற்கெல்லாம் ஒரு ஸ்குரூவைத் தளர்த்தி இறுக்கினால் போதும்.

மனையாவெளி மிருதங்கம்:
எக்ஸ்வைக்கு மாற்றினால் மிருதங்கத்தை இன்னும் பக்கவாட்டுக்குக் கொண்டு போகலாம், ஆனால் பாடுகிறவரின் முகம் தெரிகிற கோணத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்வதே அதற்காகத்தானே.